கெங்கம்மாவின் இடத்தில் ஹம்சினி

என் மகள் ஹம்சினி கொட்டிவாக்கத்தில் சாலையோரம் உட்கார்ந்து மீன் விற்றிருக்கிறாள். மயிலாப்பூரில் எங்கள் உறவினர் பலருக்கு இது தெரியாது. டெங்கு காய்ச்சலில் அவள் போனபோது துக்கம் கேட்க வந்தவர்கள் அவளுடைய மதிப்பெண்ணைப் பற்றியும் வீணையைப் பற்றியும் பேசினார்கள். எனக்கு நினைவில் நிற்பது அந்த மீன்கூடைதான்.

அப்போது அவள் மருத்துவம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் உடன் படிப்பவர்களும் ஒரு மருத்துவக் குழுவோடு செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களுக்கும் கடலோரக் குப்பங்களுக்கும் முகாம் போவார்கள். மாணவர்களுக்குப் பெரிய வேலை கிடையாது. ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், வரிசையை ஒழுங்குபடுத்துவார்கள், டாக்டர் சொன்னதை வந்தவர்களுக்குப் புரிகிற மாதிரி திருப்பிச் சொல்வார்கள். கொட்டிவாக்கம் குப்பத்தில் நடந்த முகாமுக்கு நானும் போயிருந்தேன், எல்லோருக்குமாகத் தயிர் சாதம் கலந்து எடுத்துக்கொண்டு.

அங்கே கெங்கம்மா வந்தார். மீன் விற்கிறவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையை வண்டிச் சத்தத்தை வைத்தே கடப்பதாகச் சொன்னார். ஏற்கெனவே ஒரு ஆட்டோ அவரை இடித்துத் தள்ளியிருந்தது. ஆபரேஷன் இலவசம், வேன் வந்து அழைத்துப் போகும் என்றார் டாக்டர். கெங்கம்மா மாட்டேன் என்றார்.

பயப்படுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஹம்சினி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் காரணம் வெளியே வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணீரும் தூசியும் படாமல் சில வாரம் வீட்டில் இருக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு கண்ணுக்கும். மீன் விற்கும் பெண்களுக்குச் சாலையோரத்தில் ஆளுக்கொரு இடம் உண்டு. பட்டா எதுவும் இல்லை. தினமும் கூடை வைத்து விற்கிறவரைக்கும் அந்த இடம் அவருடையது. தொடர்ந்து சில நாள் காலியாகக் கிடந்தால் வேறொருவர் கூடையை வைத்துவிடுவார், பிறகு கேட்க முடியாது. கெங்கம்மாவின் மருமகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். மகன் கபாலி கடலுக்குப் போகிறவன். தவிர, அந்த வரிசையில் ஆண்கள் உட்காருவது வழக்கமில்லை.

"கண்ணு வந்து இன்னா பண்றது, குந்த எடம் இல்லாங்காட்டி?" என்றார் கெங்கம்மா.

"உங்க இடத்துல நான் உட்கார்ந்தா மத்தவா ஒத்துப்பாளா?" என்று கேட்டாள் ஹம்சினி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. கெங்கம்மா சிரித்தார். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

அன்று மாலையே அவளும் கெங்கம்மாவும் மீன்காரப் பெண்களின் வரிசையில் போய்ப் பேசினார்கள். பக்கத்து இடம் டயானாவுடையது. அவர் தன் தங்கைக்கு ஓரிடம் தேடிக்கொண்டிருந்தார். கூடையைச் சும்மா காவல் காத்தால் கணக்கில்லை, விற்றால்தான் இடம் நிற்கும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஹம்சினியும் அவள் தோழி ஸ்நேஹாவும் ஆளுக்கொரு நாள், வகுப்புக்கு முன்னால் காலையில் உட்காருவது என்று முடிவாயிற்று. கபாலி மீனைக் கொண்டுவந்து தருவான். உடன் படிக்கும் ஷரஃபுதீன் ஐஸ் சுமப்பான், மீன்களின் பெயரும் சொல்லிக்கொடுப்பான்.

கெங்கம்மாவை வேன் ஏற்றி அனுப்பிய மறுநாள் ஹம்சினியின் முறை. அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போய், சற்றுத் தள்ளிக் குடை பிடித்து நின்றேன். கையில் ஆஸ்பத்திரி கையுறை, முகத்தில் மாஸ்க்கோடு கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மீனுக்கு ஊசி போட வந்துக்கீறியா, டாக்டரம்மா?" என்றார் டயானா. வரிசை முழுக்கச் சிரிப்பு.

யாருமே நிற்கவில்லை. ஹெல்மெட்டோடு குனிந்து பார்த்த ஒருவர், மீனுக்கு ஏதாவது நோயா என்று கேட்டுவிட்டு டயானாவிடம் போனார். மற்றவர்களும் கையுறையைப் பார்த்ததும் நகர்ந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மீன்கூட விற்காமல் எழுந்தால் முதல் நாளே கெங்கம்மாவின் இடம் ஆட்டம் கண்டுவிடும்.

ஹம்சினி தன் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையுறையையும் மாஸ்க்கையும் கழற்றிப் பைக்குள் திணித்தாள். வெறுங்கையால் ஒரு சங்கரா மீனை எடுத்தாள். சின்ன வயதில் கஷாயம் குடிக்கும்போது வைத்துக்கொள்ளும் முகம் எனக்குத் தெரியும். அதே முகம். ஆனால் மீனைக் கீழே போடவில்லை. ஷரஃபுதீன் சொல்லிக்கொடுத்தபடி செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினாள்.

"வாங்கோ மாமி, சங்கரா பாருங்கோ. ரொம்ப ஃப்ரெஷ்ஷா இருக்கு."

வரிசையே அதிர்ந்து சிரித்தது. டயானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டே ஒரு பெண் நின்று, விலை கேட்டு, பேரம் பேசி, வாங்கிக்கொண்டார். மீனை வெட்ட ஹம்சினிக்குத் தெரியவில்லை. டயானா கையை நீட்டி அதை வாங்கி, தன் கத்தியில் வெட்டிக் கொடுத்தார். அந்த இடத்தைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏண்டி, குமட்டித்தா?" என்று கேட்டேன்.

"மொதல்ல குமட்டித்து. பேரம் பேச ஆரம்பிச்சதும் மறந்தே போச்சும்மா."

அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த செதில்களை நான்தான் எடுத்துவிட்டேன். அண்டை வீட்டு மாமி வாசனை பற்றிக் கேட்டபோது, ஹம்சினி மீன் விற்றுவிட்டு வருகிறாள் என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

இரண்டு கண்ணும் முடிந்து கெங்கம்மா திரும்பி வந்த காலையிலும் நான் போயிருந்தேன். அவர் நேராக வந்து, வாங்க வந்தவர் மாதிரி கூடைக்கு எதிரே நின்று, ஹம்சினியின் முகத்தை உற்றுப் பார்த்தார். அதுவரை அவளைக் குரலாகத்தான் தெரியும்.

"நீதானா அது? கொரலக் கேட்டு பெரிய டாக்டருனு நம்பிக்கினு கண்ணக் குடுத்துட்டேன். நீ இன்னாடான்னா ஸ்கூல் பொண்ணாட்டம் கீற."

ஹம்சினி சிரித்துக்கொண்டே எழப்போனாள். கெங்கம்மா அவள் தோளை அழுத்தி உட்காரவைத்து, மிச்சமிருக்கும் நெத்திலியை விற்றுவிட்டு எழுந்தால் போதும், தான் அதைப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஹம்சினி கூவி அழைத்தாள், எடை போட்டாள், பேரத்துக்கு அசைந்து கொடுக்கவில்லை. கெங்கம்மா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பை நிறைய நெத்திலியோடு நகர்ந்த ஒரு பெண் எங்களிடம் நின்று, யார் இந்தப் பொண்ணு, புதுசாக இருக்கிறாளே என்று கேட்டார். கெங்கம்மா வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என் பொண்ணு."