தரைப்பாலத்துப் பச்சை விளக்கு

பெட்டிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஈஸ்வரிக்கு யாரும் சொல்லாமல் இல்லை. பெட்டியை நட்ட அன்றைக்கே சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் பெற்ற பெண்ணின் உயிரைக் காப்பாற்றிய ஒன்றை, வாரத்துக்கொரு தரம் துணியால் துடைத்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் அவர்கள் ஊருக்குப் போகிற வழியில் மூங்கில் ஓடை குறுக்கே வரும். அதன் மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத தரைப்பாலம். மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். வருகிற சத்தம் கேட்பதற்குள் ஆளைத் தூக்கிவிடும். அதற்காகத்தான் ஏதோ ஒரு கம்பெனி வந்து கரையில் கம்பம் நட்டு, சோலார் தகடு வைத்து, பேட்டரியோடு ஒரு பெட்டியைப் பூட்டிவிட்டுப் போனது. ஓடையின் மேல்பக்கம் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க ஒரு கருவி. அங்கிருந்து பெட்டி வரைக்கும் நீளமாக ஒரு ஒயர். பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு. விளக்கு எரிந்தால் பாலத்தில் இறங்கலாம். தண்ணீர் ஏறினால் விளக்கு அணையும், சைரன் கூவும். ஓடையை ஒட்டி வீடு என்பதால் பெட்டிச் சாவி ஈஸ்வரியிடம் இருந்தது. அந்தச் சாவியைத் தாலிக்கயிற்றிலேயே கோத்துக்கொண்டு திரிந்தாள் என்றால் அவளுடைய பெருமையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் அவள் மகள் காவியா ஆட்டைத் தேடிப் பாலத்தின் நடுவில் நின்றபோது பெட்டி கூவியது. பெண் திரும்பி ஓடி வந்தாள், ஆடு போயிற்று. அன்றிலிருந்து அமாவாசை தோறும் பெட்டிக்கு மஞ்சள் நீராட்டு. எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி, ஒயர் நுழைகிற ஓட்டைக்குப் பக்கத்திலேயே பிழிவாள். கூழ் ஊற்றுகிற நாளில் அதற்கும் ஒரு கரண்டி. சாமி பசியோடு இருக்கக் கூடாது இல்லையா.

இந்த ஐப்பசி பிறந்ததும் விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. எரியும், அணையும், கொஞ்சம் பொறுத்து மறுபடி எரியும். ஈஸ்வரிக்கு அது விக்கல் எடுக்கிற குழந்தையைப் போலத் தெரிந்தது. கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினாள். ஒடுகத்தூரிலிருந்து பிரவின்ராஜ் வந்தான். கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் முதுகில் கருவிப் பையுமாக, மலைக்கு வரும்போதெல்லாம் வாந்தி எடுக்கிற பையன். ஆனால் வேலையில் கெட்டிக்காரன்.

பெட்டியைத் திறந்ததும் அவன் முகம் சுருங்கியது. ஒயர் மாட்டுகிற இடத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் களிம்பு ஏறியிருந்தது.

"யாருக்கா இதுல தண்ணி ஊத்துனது?"

"மழத் தண்ணியா இருக்கும் தம்பி."

"மழத் தண்ணி மஞ்சளாவா கீது?" என்றான். அதற்கு மேல் அவளைக் குடையவில்லை. பலகையில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புச் சில்லைத் தொட்டுக் காட்டினான். "இது ஒரு காவக்காரன்க்கா. இன்ன அளவு கரண்டுக்கு மேல யாரு இழுத்தாலும் கதவ மூடிடும். கொஞ்ச நேரம் கழிச்சு தொறந்து பாக்கும். இன்னும் இழுத்தா மறுபடி மூடிடும். எலுமிச்ச சாறு, மஞ்சத் தண்ணி, இதெல்லாம் கரண்டக் கடத்தும். ஒயரு வாயில அது ஊறிப்போய் வேண்டாத கரண்ட இழுக்குது. அதான் இது மூடி மூடித் தொறக்குது."

"அப்ப இதான் கெட்டுப் போச்சா?"

"இது கெடலக்கா. இது ஒண்ணுதான் ஒழுங்கா வேல செய்யுது. ஃபியூஸ் செத்துப்போய்க் காப்பாத்தும். இது சாவாம காப்பாத்தும். இது இல்லன்னா இந்நேரம் பலகையே வெந்திருக்கும்."

ஒயர் மாட்டுகிற புது வாய் கையில் இல்லை, அடுத்த வாரம் கொண்டுவந்து மாற்றுகிறேன் என்றான். அதுவரை பெட்டி வேலை செய்யாது. சுவிட்சை அணைத்துவிட்டு விளக்கு அணைந்ததைத் தானே பார்த்துக்கொண்டான்.

"டிரைவருங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க. நான் வர்ற வரைக்கும் பெட்டிய நம்பக் கூடாது. ஓடையப் பாத்து எறங்கட்டும். அப்பறம் அக்கா, யாரு ஊத்தினாங்களோ அவங்க கிட்டயும் சொல்லுங்க. ஆபீசுக்குத் தெரிஞ்சா பெட்டியக் கழட்டிட்டுப் போய் வேற ஊர்ல நட்டுடுவாங்க."

ஈஸ்வரிக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் காதில் நின்றது. முன்னால் சொன்னதெல்லாம் ஓடைத் தண்ணீராகப் போய்விட்டது.

பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனால் ஊர் காரணம் கேட்கும். காரணம் மஞ்சள் நிறத்தில் இருந்தது. ஊர்க்கூட்டத்தில் சாவியை அவளிடம் கொடுக்கும்போதே கொழுந்தன்மார் முணுமுணுத்தவர்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டதே என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அதனால் அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், ஏதோ சின்னக் கோளாறு, சரியாகிவிடும் என்றாள்.

விளக்கு எரியாத பாலத்தில் யாரும் வண்டியை இறக்கவில்லை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பெட்டி வருவதற்கு முன்னால் இதே மனிதர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, அதில் மிதக்கிற சருகைப் பார்த்து, நிற்பதா இறங்குவதா என்று முடிவு செய்தவர்கள்தாம். ஒரு வருஷத்தில் எல்லாம் மறந்துவிட்டார்கள். இப்போது ஜீப்பை அக்கரையிலேயே நிறுத்திவிட்டு அரிசி மூட்டையைத் தலையில் சுமந்து வந்தார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாலத்தை நடந்து கடந்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஈஸ்வரி வீட்டு வாசலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகவில்லை.

அவள் புருஷன் தீர்த்தகிரிதான் அந்த ஜீப்பை ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்ததும் அவனும் ஆரம்பித்தான்.

"இன்னாடி உன் சாமி கண்ணத் தொறக்க மாட்டேங்குது? ஊரு சனமெல்லாம் என்னத் திட்டுது."

"வர்ற வாரம் அந்தத் தம்பி வருது."

"வர்ற வாரம் மழ புடிச்சா அவன் எங்க மலயேறுவான்?"

அவன் சொன்னது நியாயம். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பிரவின்ராஜ் வரவில்லை.

ஈஸ்வரி கோபால்சாமியிடம் போனாள். திருவிழாவுக்கு மைக் செட்டும் சீரியல் விளக்கும் கட்டுகிற கோபால்சாமி, அவளுக்கு அண்ணன் முறை. மலையில் ஃபியூஸ் போனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். போன இடத்தில் ஒரு இழைக்கு ரெண்டு இழையாகச் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவான், அப்புறம் அது போகவே போகாது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தவன் தயங்கினான்.

"ஆபீஸ்காரங்க பொருளு தங்கச்சி. நமக்கு இன்னாத்துக்கு?"

"அந்தத் தம்பியே சொல்லிட்டுப் போச்சுண்ணே. அந்தச் சில்லுதான் கெட்டுப் போச்சாம். அத்த விட்டுட்டு நேரா குடுத்தா போதுமாம்."

வாய் கூசாமல் சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கு அந்த நேரத்தில் பூசணிக்காய் சின்னதாகத்தான் தெரியும். கோபால்சாமி அவளை நம்பினான். பேட்டரியிலிருந்து செம்பு இழை ஒன்றை எடுத்து, சுவிட்சையும் தாண்டி, அந்தக் காவல்காரச் சில்லையும் தாண்டி, விளக்கும் ஒயரும் சேருகிற இடத்தில் முறுக்கினான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. விக்கல் இல்லை. முன்னைவிடக் கூடுதலான வெளிச்சம்.

அன்றைக்கே ஜீப் பாலத்தில் இறங்கியது. தீர்த்தகிரி வீட்டு வாசலில் ஹாரன் அடித்துவிட்டுப் போனான். ஊர் வாயை மூடிக்கொண்டது. ஈஸ்வரி மட்டும் அடிக்கடி போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். பெட்டியைத் துடைக்கப் போனால் மூடி வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டாள். வெயில் இல்லாத நாளிலும் அப்படித்தான் இருந்தது. ரப்பர் கருகுகிற மாதிரி லேசான வாடை. அடுப்பு வாடையாக இருக்கும் என்றாள் தனக்குத்தானே. பெட்டியை இப்போது தொடவே பயந்தாள். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, தள்ளி நின்று கும்பிட்டாள்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு பிற்பகலில் கரைப் பாறையில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேல்மலை மட்டும் கறுத்திருந்தது. குருவிச் சத்தம் நின்று போனது அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. மண் வாசனை வந்தபோதுதான் நிமிர்ந்தாள். ஓடைத் தண்ணீர் பழுப்பாக இருந்தது. அதில் பச்சை இலைகளும் முறிந்த மூங்கிலும் சுழன்று வந்தன. பெட்டி கூவவில்லை. விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தாள். மூடி தோசைக்கல்லாகச் சுட்டது. உள்ளே பலகை கருகிக் கரி அப்பியிருந்தது. யோசிக்கிற பாகம், கூவுகிற பாகம், எல்லாம் என்றைக்கோ வெந்து போயிருந்தது. கோபால்சாமி முறுக்கிய கம்பி மட்டும் முறுக்கியபடியே இருந்தது. அது விளக்கை மட்டும் விடாமல் எரிய வைத்துக்கொண்டிருந்தது.

அக்கரையில் ஹாரன் சத்தம். வளைவில் தீர்த்தகிரியின் ஜீப் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டு காவியா அதில்தான் வருவாள். ஜீப்புக்கு முன்னால் கோபால்சாமி தன் மொபட்டில் வந்தான். பின்னால் ஸ்பீக்கர் பெட்டியைக் கட்டியிருந்தான். பாலத்தின் முனையில் வேகத்தைக் குறைத்து இந்தப் பக்கம் பார்த்தான். பச்சை எரிந்தது. இறங்கினான்.

"வராத, வராதண்ணே" என்று ஈஸ்வரி கத்தினாள். தண்ணீர் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தது. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கையை வீசினாள். அவன் சிரித்தபடி ஒரு கையை எடுத்துப் பதிலுக்கு ஆட்டினான். ஜீப் முனைக்கு வந்துவிட்டது.

சுவிட்சைத் தட்டினாள். விளக்கு அணையவில்லை. அதைத்தான் தாண்டிக் கம்பி போட்டாயிற்றே. கம்பியைப் பிடித்து இழுத்தாள், விரல் வெந்தது, கம்பி வரவில்லை. காலடியில் கிடந்த கல்லை எடுத்தாள். அமாவாசை தோறும் குங்குமம் வைத்த அந்த நெற்றியில் ஓங்கி ஒரே போடு போட்டாள். பச்சை போயிற்று.

ஜீப் முன்சக்கரம் பாலத்தைத் தொட்ட இடத்தில் நின்றது. தீர்த்தகிரி பின்னால் எடுத்தான். கோபால்சாமி நடுப்பாலத்தில் இருந்தான். விளக்கு அணைந்ததை அவனும் பார்த்திருக்க வேண்டும், மொபட்டை நிறுத்திக் காலை ஊன்றினான். ஸ்பீக்கர் கனத்தோடு திருப்பவும் முடியவில்லை, முன்னால் வரவும் நேரமில்லை. தண்ணீர் பாலத்தின் மேல் ஒரு சுவராக வந்தது. அது போனபின் பாலத்தில் யாருமில்லை.

மறுநாள் காலையில் ஓடையின் கீழே மூங்கில் புதரில் அவனை எடுத்தார்கள். கோபால்சாமி வீட்டு முன்னால் ஊர் கூடியிருந்தது. பெண்கள் நடுவில் மங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள், புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு. ஆண்கள் பக்கம் தீர்த்தகிரி நின்று எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பாலத்து முனைக்கு வந்தபோது விளக்கு அணைந்ததை மட்டும்தான் அவன் கண்டான்; கோபால்சாமி நின்று பார்த்து இறங்கியதையோ ஈஸ்வரி கல்லை ஓங்கியதையோ அவன் கவனிக்கவில்லை.

"வெள்ளம் வர்றது தெரிஞ்சு பெட்டி டக்குனு அணைஞ்சிடுச்சு. அதான் நான் நிறுத்தினேன். வண்டில என் பொண்ணு இருந்துச்சு. கூவ முடியலன்னாலும் அணைஞ்சு காட்டுச்சு பாருங்க. கோபாலுதான் பாக்காம எறங்கிட்டான். எப்பவும் அவசரம் அவனுக்கு."

கேட்டவர்கள் உச்சுக் கொட்டினார்கள். விளக்கை வெள்ளத்தில் வந்த மரம் மோதி உடைத்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். தண்ணீர் வடிந்ததும் பெட்டிக்கு ஒரு படையல் போட வேண்டும் என்றார் இன்னொருவர். இப்போதெல்லாம் ஆளுக்கு விளக்கைப் பார்க்கக்கூடப் பொறுமையில்லை என்று பெரியவர் ஒருத்தர் செத்தவனைக் குறை சொன்னார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். ஈஸ்வரி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். வெந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்திருந்தாள். பேசாமல் இருந்தால் போதும். பெட்டியும் போகாது, பேரும் போகாது. காவியா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு உயிரோடு நின்றாள்.

மங்கம்மாள் தலையைத் தூக்கினாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"ஈஸ்வரி, நீ கரையிலதான இருந்த. எல்லாரும் இவரு பாக்காம எறங்கினாருன்றாங்க. இவரு அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா. கம்பத்துல ஏறினாக்கூட ரெண்டு தரம் தொட்டுப் பாக்கற மனுசன். நீ சொல்லு. எறங்கும்போது வெளக்கு அணைஞ்சா இருந்துச்சு?"

தீர்த்தகிரி பெண்டாட்டியைப் பார்த்தான். ஈஸ்வரி மகளின் கையைத் தன் இடுப்பிலிருந்து எடுத்துவிட்டாள். மங்கம்மாளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"எரிஞ்சுது அண்ணி. பச்சையா எரிஞ்சுது. அண்ணன் நின்னு பாத்துட்டுத்தான் எறங்கினாரு."

"அப்ப?"

"பெட்டி எப்பவோ செத்துப் போச்சு. மஞ்சத் தண்ணி ஊத்திக் கெடுத்தது நான். நம்பாதீங்கன்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போனத ஊருக்குச் சொல்லாதது நான். பொய் சொல்லி அண்ணன் கையாலயே அந்த வெளக்க எரிய வெச்சது நான்."

மங்கம்மாள் புருஷன் தலையை மடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அவள் பார்வை ஈஸ்வரியின் தோளைத் தாண்டி, சுவரோரம் தனியாக நின்ற காவியாவின் மேல் போய் நின்றது. விளக்கு அணைந்ததால் பிழைத்த அந்தப் பெண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.