எட்டு, மூன்று, வெள்ளிக்கிழமை

அன்று காலை ஒன்பதரைக்கு அந்தச் சமையலறை மேசையில் இருந்தவர்கள்: நெனிட்டா பாஸ்குவல், வீட்டுக்காரி, எல்லோருக்கும் பூண்டுச் சோறும் முட்டையும் போட்டவள். கெட்டச்சூ, எத்தியோப்பியாவிலிருந்து வந்து பதினோரு வருடமாக லாஸ் வேகஸில் சூதாட்ட மேசையில் சீட்டுப் பிரித்துப் போடுகிறவர். ஹார்லன் டப்ஸ், டெக்சஸ்காரர், ஏரியில் படகு வைத்திருப்பவர். லைல், பள்ளியைப் பாதியில் விட்டவன். அது நான்.

நால்வருக்கும் ஒரே காசினோவில் இராத்திரி சீட்டுப் போடும் வேலை. வெள்ளி இரவு எங்களில் ஒருவருக்குத்தான் விடுப்பு. யாருக்கு என்பதை மேலாளர் எங்களிடம் விட்டார், நாங்கள் சீட்டிடம் விட்டோம். மேசையில் காசு கிடையாது, வெறும் பந்தயச் சில்லுகள்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. கடைசிவரை சில்லு வைத்திருப்பவருக்கு வெள்ளிக்கிழமை.

எனக்கு அது வேண்டும். சனி காலை எட்டு மணிக்குப் பள்ளிச் சான்றிதழுக்கான தேர்வு. இரண்டு முறை வேலை முடிந்து நேராகப் போய்க் கணக்குத் தாள்மேல் தூங்கியிருக்கிறேன். இரண்டாவது முறை தாளில் எச்சில். மூன்றாவதும் போனால் மறுபடி எழுத மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

நெனிட்டா முதலில் தோற்றுப் பாத்திரம் கழுவப் போனாள். அடுத்து ஹார்லன் தன் சில்லுகள் முழுவதையும் நடுவில் தள்ளி, கைகளைத் தேய்த்து விரித்துவிட்டுக் காத்திருந்தார். கெட்டச்சூ வெகுநேரம் யோசித்துச் சீட்டை எறிந்துவிட்டார். ஹார்லன் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கும் ஐந்தும். ஒன்றுமே இல்லை.

"வயித்தெரிச்சலக் கெளப்பாதய்யா" என்றார் கெட்டச்சூ. இரண்டு ஆட்டத்தில் அவரும் வெளியே.

மிச்சம் ஹார்லனும் நானும். எனக்கு எட்டும் மூன்றும் வந்தன, வேறு வேறு இனம். கட்டாயப் பந்தயம் என்னுடையது. ஹார்லன் அதை ஏற்றாமல் சமமாக மட்டும் வைத்ததால், மேற்கொண்டு செலவில்லாமல் பொதுச் சீட்டு மூன்றைப் பார்க்க முடிந்தது. ராஜா, ஜாக்கி, மூன்று.

ஒரு ஜோடி மூன்று. குப்பைச் சீட்டு ஆளைக் கெடுப்பது இந்த இடத்தில்தான். ஒன்றும் பொருந்தாவிட்டால் எறிந்துவிடலாம். பெரிதாகப் பொருந்தினால் யோசிக்கவே வேண்டாம். கொஞ்சமாகப் பொருந்தும்போது நான் பயந்து எறிவேன், இல்லையென்றால் எரிச்சலில் எல்லாவற்றையும் தள்ளுவேன். பள்ளியிலும் அதேதான். கணக்கில் நாற்பது வாங்கிய வாரம் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஹார்லன் கொஞ்சம் வைத்தார். நானும் அதே அளவு வைத்தேன், அவ்வளவுதான். நாலாவது சீட்டு ஆறு. இருவரும் பந்தயம் வைக்காமல் மேசையைத் தட்டினோம். ஐந்தாவது ஏஸ்.

ஹார்லன் இருந்ததையெல்லாம் தள்ளினார். "மொத்தமும் உள்ள, தம்பி. வீட்டுக்குப் போய்த் தூங்கு."

ஈடு வைத்துத் தோற்றால் என்னிடம் மூன்று சில்லு மிஞ்சும். ஜெயித்தால் ஆட்டமே முடிந்தது.

"அந்தாளுகிட்ட ஏஸ் இருக்கு லைல்" என்றாள் நெனிட்டா, தொட்டியில் கைவைத்தபடி. "விட்டுத் தொலை. மிச்சத்த வெச்சு ஆடு."

எறியத்தான் சீட்டை எடுத்தேன். அப்போது ஹார்லன் உள்ளங்கைகளை ஒருமுறை தேய்த்து, கூரையைப் பார்க்க விரித்தார்.

சீட்டுப் போடுகிறவன் மேசையை விட்டு எழும்போது செய்வது அது. சில்லு எதையும் ஒளிக்கவில்லை என்று மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பல வருடம் செய்தவனுக்கு அது கண்ட இடத்தில் வரும். பல் டாக்டர் நாற்காலியிலிருந்து எழும்போது நானே செய்திருக்கிறேன். ஆனால் மேசையில் இன்னும் வேலை இருப்பவன் செய்ய மாட்டான். கெட்டச்சூவை வெறும் நான்கும் ஐந்தும் வைத்து விரட்டியபோதும் இதேதான் செய்தார். நான் பார்த்தேன், யோசிக்கவில்லை.

"பெருசு, எங்க கெளம்பிட்டீங்க?" என்றேன்.

ஹார்லன் தன் கைகளைப் பார்த்தார். அவை இன்னும் விரிந்தே இருந்தன. மெதுவாக மேசைக்கடியில் இறக்கினார். கெட்டச்சூ காபிக் கோப்பைக்குள் இருமினார்.

சில்லுகளைத் தள்ளினேன். ஹார்லன் சீட்டைத் திருப்பினார். ராணி, ஒன்பது. வரிசை சேரப் பத்துக்குக் காத்திருந்திருக்கிறார், வரவில்லை. ஒரு ஜோடிகூட இல்லை.

என் மூன்றைப் பார்த்தார். "இத வெச்சுக்கிட்டா நின்ன?"

"இத மட்டும் வெச்சு இல்ல."

"முப்பது வருஷப் பழக்கம்" என்றார், கைகளை அக்குளில் செருகிக்கொண்டு. பிறகு, "படகு அடுத்த வாரமும் மெதக்கும். நீ இந்தத் தடவயும் பெயிலாயிட்டு வந்தேன்னு வெச்சுக்க, தூண்டில்ல உன்னத்தான் மாட்டுவேன்."

வெள்ளி இரவு இரண்டு மணிவரை பழக்கத்தில் தூக்கம் வரவில்லை. அப்புறம் வந்தது.

சனிக்கிழமை எட்டுக்கு இரண்டு நிமிடம். தேர்வறை வாசலில் ஒரு பெண் என் சட்டைப் பைகளைப் பார்த்தாள். அவள் கேட்பதற்குமுன் கைகளைத் தேய்த்து விரித்துவிட்டேன்.

"காசினோவா?"

"ஆமா மேடம்."

"என் தங்கச்சியும்தான். தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"அப்ப போய் உக்காருங்க, சுவரோரம்."

நான் நாற்காலியை இழுக்கும்போது கடிகாரத்தில் எட்டு. பின்னால் அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள்.