நாற்பத்தைந்து சுற்றில் ஓடவேண்டிய தட்டு

ஐரோப்பாவில் மூன்று பேர் மேடையேறி, ஒத்திகை இல்லாமல், மெட்டு தாளம் என்ற பேச்சே இல்லாமல், அந்த நிமிஷம் தோன்றியதை ஊதியும் தட்டியும் வைத்ததை இசைத்தட்டாகப் போட்டால், அதை வாங்குவதற்கென்றே ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆள் இருந்தார். பெயர் ஜனார்தன், இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. கீழச் சித்திரை வீதி வீட்டில் அப்படிப்பட்ட தட்டுகள் அறுநூறு சேர்த்திருந்தார். விஷயம் தெரிந்தவர்கள் அதை ஃப்ரீ ஜாஸ் என்பார்கள். அவருடைய மனைவி மாலினி, பீரோவை நகர்த்துகிற சத்தம் என்பாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் திருச்சிப் பாலக்கரையில் காஜா மைதீன் கடை மாடியில் கூடிக் கேட்பார்கள். காஜா மைதீன் கல்யாண மண்டபங்களின் மைக் செட்டு ரிப்பேர் செய்கிறவர். அவரிடம் நல்ல ஸ்பீக்கர் இருந்தது. கூட்டத்துக்கு ஒரு விதி உண்டு. தட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. முடிந்ததும் ஜனார்தன்தான் முதலில் பேசுவார். பிறகு மற்றவர்கள் பேசலாம், அதாவது அவர் சொன்னதையே வேறு வார்த்தைகளில் சொல்லலாம்.

இதில் சடகோபனை மிஞ்ச ஆள் கிடையாது. காலேஜில் காமர்ஸ் வாத்தியார். தீர்த்தம் வாங்குகிறவர் போலக் கையைக் குவித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஜனார்தன் வாயைத் திறக்கும் முன்பே தலை ஆடத் தொடங்கிவிடும். அந்தத் தலையைப் பார்த்தாலே ஜனார்தனுக்கு அருவருப்பாக இருக்கும். ஆனால் அது வராத மாதங்களில் கூட்டம் சப்பென்று இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அறுநூறில் ஜனார்தன் உயிராக வைத்திருந்தது ஒரு டச்சுத் தட்டு. பாஸ் கிளாரினெட், செல்லோ, டிரம்ஸ் என்று மூன்றே வாத்தியம். எழுபத்து நான்கில் ஏதோ ஒரு சின்ன ஊர்க் கூடத்தில் பதிவு செய்தது, மொத்தமே முன்னூறு பிரதி. அட்டையிலும் லேபிளிலும் ஓர் எழுத்துகூடக் கிடையாது. ஆறு வருஷமாக அதன் நிதானத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்திருக்க யோசிக்கிறது என்றும், அவசரத்தையே மறுத்த கலைஞர்கள் என்றும் ஒரு சிறுபத்திரிகையில் பதினாலு பக்கம் எழுதியிருந்தார்.

அந்தத் தட்டை மாடியில் முதன்முதலில் போட்ட அன்று ஒரு விதிமீறல் நடந்தது. இருதயமேரி டீச்சர் மேலப்புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர், சர்ச் பூசையில் வயலின் வாசிப்பவர். ஜனார்தன் தொண்டையைக் கனைப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சார், இது மெதுவா ஓடுதோ? கடைசில கைதட்டுறதுகூட இழுக்குதே."

ஜனார்தன் சிரித்தார். பூசைப் பாட்டிலேயே ஊறின காதுக்கு இதெல்லாம் எட்டாது, டீச்சர் கிறிஸ்துமஸ் பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சடகோபன் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், அதன் பிறகு வரவே இல்லை.

ஆறு வருஷம் ஊசி ஓடி ஓடி அந்தத் தட்டு கரகரக்க ஆரம்பித்துவிட்டது. போன மாதம் பெல்ஜியத்தில் ஒருவரிடமிருந்து இன்னொரு பிரதி வரவழைத்தார். உறைக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. பழைய பிரதியில் அது இல்லை. வாசித்தவர்களின் பெயர்கள், தேதி, அப்புறம் இங்கிலீஷில் ஒரு வரி. நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்றில் ஓட்டவும்.

பெரிய தட்டென்றால் முப்பத்து மூன்று என்பது கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இத்தனை வருஷமும் ஓட்டியிருக்கிறார். வேகத்தை மாற்றி வைத்தார். கிளாரினெட் துள்ளிக்கொண்டு ஓடியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு, நடுவே சிரித்துக்கொண்டு, அவசரமோ அவசரமாக வாசித்திருந்தார்கள். முடிவில் கைதட்டல் சாதாரணக் கைதட்டலாகக் கேட்டது. பதினாலு பக்கமும் பொய்.

மறுநாள் நேரே காஜா மைதீனிடம் போய்க் காகிதத்தை நீட்டினார். அவர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"மொத நாளே தெரியும் சார். தெனம் மைக் டெஸ்ட் பண்றவன் நான். மனுசங்க கைதட்டுற சத்தம் தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்ன டீச்சருக்கு என்ன நடந்துச்சுன்னு பாத்தேன்ல."

ஜனார்தனுக்குக் கடையில் நிற்கக் கூசியது. இத்தனை நாளும் சடகோபனின் தலையைப் பார்த்து அருவருத்தோமே, அதை ஆடவைத்தது யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அங்கிருந்தபடியே டீச்சருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். போனிலேயே சொல்லிவிட்டீர்களே, இதுவே போதும் என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். எல்லார் முன்னாடியும் உங்களுக்குக் காது இல்லன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும்தான் சரி பண்ணணும். ஞாயித்துக்கிழமை அவசியம் வாங்க."

அந்த ஞாயிறு பார்த்து மாடி நிறைந்திருந்தது. தில்லைநகரிலிருந்து ஒரு ஃபிலிம் சொசைட்டியையே சடகோபன் கூட்டி வந்திருந்தார். கட்டுரையை ஜெராக்ஸ் போட்டு ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். டீச்சர் கடைசி வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜனார்தன் எழுந்து தட்டை முதலில் முப்பத்து மூன்றில் கொஞ்சம் போடச் சொன்னார், பிறகு நாற்பத்தைந்தில். ஆறு வருஷமாகத் தப்பான வேகத்தில் கேட்டிருக்கிறேன், கட்டுரை முழுக்கத் தப்பு என்றார். அடுத்து டீச்சரின் பெயரைச் சொல்லவேண்டும். கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார்.

சடகோபன் எழுந்துவிட்டார்.

"கேட்டேளா? அந்த மூணு பேருக்கே தெரியாத ஒரு இசையை அண்ணா உண்டாக்கியிருக்கார். அந்தக் கோஷ்டில நாலாவது ஆள் அண்ணாதான்."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். பிழையும் இசைதானே என்றார் ஒருவர். கேட்பவனும் கலைஞன் என்பதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன் என்றார் இன்னொருவர். இரண்டு வேகத்தையும் வைத்து நீங்கள் ஒரு புத்தகமே எழுதவேண்டும் என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டார்.

இல்லை, இது வெறும் கவனக்குறைவு, இதை முதல் நாளே ஒருவர் சொன்னார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றது. கைதட்டல் இதமாக இருந்தது, வெட்கமில்லாமல் இதமாக இருந்தது. எழுதவேண்டும், அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பேச்சு புத்தகத்துக்கு என்ன தலைப்பு என்பது வரைக்கும் போயிற்று. இருதயமேரி டீச்சர் அதுவரை பொறுத்திருந்துவிட்டு எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி வாசல் வரை வந்து, அவரைப் பார்த்து, "நான் வரேன் சார்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜனார்தன் தலையை மட்டும் அசைத்தார். டீச்சர் படியிறங்கிப் போனார்.

சார் கேட்ட அந்த இசையை நாங்களும் முழுசாகக் கேட்கவேண்டும் என்று கூட்டம் கேட்டது. காஜா மைதீன் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எந்த ஸ்பீடுல போடட்டும் சார்?"

எல்லோரும் ஜனார்தனின் முகத்தையே பார்த்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல், "முப்பத்து மூணுலயே போடுங்க" என்றார்.