கத்திக்கு இரண்டாம் வேக்காடு

என் வீட்டுக்காரர் பல்ப் மாட்டவே ஆள் கூப்பிடுகிற ரகம். அப்பேர்ப்பட்டவருக்குத் திடீரென்று கத்தி அடிக்கிற ஆசை வந்துவிட்டது. இன்சூரன்ஸ் ஆபீசில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறொன்றும் அறியாத கை, லீவு நாளானால் சுத்தியலைத் தூக்கியது. கார் நிறுத்தும் ஷெட்டில் உலை வைத்தார். தோல் ஏப்ரன் வாங்கினார். நெருப்பு மூட்டுவதற்கு முன்னாலேயே அதை மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினார்.

முதல் கத்தி கரண்டி மாதிரி வளைந்தது. அடுத்தது, காய்ச்சி எண்ணெயில் முக்கியதும் 'டிங்'கென்று விரிசல் விட்டது. "எஃகு சரியில்ல" என்றார். எஃகு என்ன பாவம் பண்ணியது!

முக்குவதற்குக் காரிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயில். அந்த நாற்றம் திரைச்சீலை, தலையணை எல்லாவற்றிலும் ஏறி, கடைசியில் என் மூக்குக்கே பழகிப்போனது. அதுதான் வினையாக முடிந்தது.

நான் கேக் செய்வேன். பகலில் ஒரு கால் சென்டரில் முன்பின் தெரியாதவர்களிடம் வசவு வாங்குவது என் உத்தியோகம். ஒரு காபிக்கடைக்கார அம்மா சாம்பிள் கேட்டிருந்தார். பிடித்தால் வாராவாரம் ஆர்டர். வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். ராத்திரி எலுமிச்சை கேக்கைப் பார்த்துப் பார்த்துச் செய்து, காலையில் எடுத்துப்போனேன்.

அவர் ஒரு வாய் வைத்தார். முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. மெக்கானிக் ஷாப் வாசனை வருதே?"

வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பஸ்ஸிலேயே அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சமையலறையில் நான் கேக் சுடும் ஓவன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே, கேக் தட்டில் கத்தி.

"முக்கி எடுத்தா உடையுற பதத்துல இருக்கும். அளவான சூட்டுல ரெண்டு தடவை வேக வைக்கணும்" என்றார், வகுப்பெடுக்கிற தோரணையில். "நேத்து நீ வேலைக்குப் போனப்ப இதுலயே ஒரு தடவை ஆச்சு. உருப்படியா வந்த முதல் கத்தி இது!"

நடந்ததைச் சொன்னேன்.

"சரி விடு, ஒரு கேக்தானே? பொழுதுபோக்குக்குச் செய்யறதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு அற்பமாக இந்த மனிதர் எனக்குத் தெரிந்ததில்லை.

சாப்பிடும்போதெல்லாம் அவர் நடத்திய பாடம் மட்டும் நினைவிருந்தது: வைக்கோல் நிறத்தில் எடுத்தால் கத்தி, நீலம் பாய்ந்தால் வெறும் தகடு. தட்டை ஓவனின் மேல் சூட்டுக் கம்பிக்கு ஒட்டினாற்போல் ஏற்றினேன். குமிழைக் கடைசிவரை திருகினேன்.

குளியலறையில் அவர் பாட்டு நிற்க நேரமானது. தலையைத் துவட்டிக்கொண்டே வந்து ஓவனைத் திறந்தார். பிடியிலிருந்து நுனிவரை மயில் கழுத்து நீலம்.

"ஐயோ! ஏன்டி இப்படிப் பண்ணே?"

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. சோப்புத் தண்ணியையும் நாரையும் அவர் முன்னால் வைத்தேன்.

"ஆறினதும் ஓவனைத் தேய்ங்க."

தேய்த்தார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இன்னும் அழுத்தச் சொன்னேன். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் காபிக்கடை அம்மா இனி என்னைக் கூப்பிடப்போவதில்லை. காலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, யாரோ கத்தக் கத்த, "சொல்லுங்க சார்" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.