தலையாட்டிய இயக்குநர்கள்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்னவன் நாக்கு அழுகிப்போகட்டும். பல் ஏற்கெனவே போய்விட்டது. அதற்குக் காரணம் வேறு.

பயணப்பெட்டிக் கம்பெனியின் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அவர் தலைவர். சக்கரம் கழன்றதும் ஜிப் வாய்பிளந்ததும் அங்கேதான் வந்து சேரும். பேச்சில் மகா கஞ்சன் என்பதால் அவருக்குப் 'பூட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பூட்டுதான் இப்போது வாயைத் திறந்தாக வேண்டும். பழைய பெட்டியைச் சரிசெய்து கொடுத்தால் புதுப் பெட்டியை எவன் வாங்குவான் என்று தலைமை அலுவலகத்தில் யாருக்கோ ஞானோதயம் வந்துவிட்டது. பிரிவை மூடக் கூடாது என்பதற்கு ஏதாவது காரணம் இருந்தால், வீடியோ காலில் இயக்குநர்களிடம் சொல்லலாமாம்.

வீடியோவில் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் அவருடைய மச்சினனுக்குப் பிழைப்பு.

"அத்தான், ஸ்கிரீன்ல தெரியற மூஞ்சிகளைப் பார்க்காதீங்க. மேல இருக்கற கேமரா ஓட்டையைப் பாருங்க. அப்பத்தான் அவங்க கண்ணைப் பார்த்துப் பேசற மாதிரி இருக்கும்."

"ஓட்டையைப் பார்த்தா பேச்சு வருமாடா?"

"எங்க அக்காகிட்ட இத்தனை வருஷமா சுவரைப் பார்த்துத்தானே பேசறீங்க? அதையே கொஞ்சம் சிரிச்ச முகமா செய்யுங்க."

பூட்டு பயிற்சியில் இறங்கினார். வாசற்கதவில் ஆள் பார்க்கும் துளையிடம் தன் பிரிவின் அருமையை எடுத்துச் சொன்னார். அந்த உருக்கத்தில் கதவு தானாகவே திறந்துகொண்டது. திரும்பத் திரும்பத் தாழ்ப்பாள் போட்டு மனைவிக்குக் கை ஓய்ந்துவிட்டது.

அந்த நாளும் வந்தது. கேமராவைக் கண்மட்டத்துக்கு உயர்த்த, பெட்டி மேல் பெட்டி அடுக்கி, உச்சியில் மச்சினனிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பை வைத்தார்கள். சரிந்துவிடாமல் ஜிப் தைக்கும் அக்கா பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சுவரோரமாக மூச்சைப் பிடித்து நின்றார்கள்.

பூட்டு பேசினார். துளையை விட்டுக் கண் அசையவில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஓட்டைப் பெட்டியொன்று தாங்கமாட்டாமல் தன் ஜிப்பைத் தானே இழுத்து மூடிக்கொண்டது.

அக்கா அவர் காதருகே குனிந்தார். "சார், அந்தக் கண்ணாடிக்காரர் எவ்வளவு காபிதான் குடிப்பாரு? கப்பு காலியாகவே மாட்டேங்குது."

பூட்டு முதல் முறையாகத் திரையைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் காபியை உறிஞ்சினார், காதைச் சொறிந்தார், தலையாட்டினார். மறுபடியும் காபி, காது, தலை. அடுத்த கட்டத்து அம்மாள் பேனாவைக் கடித்தார், தலையாட்டினார், மறுபடியும் பேனாவைக் கடித்தார். அத்தனை பேரும் முன்பே எடுத்துவைத்த வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறெங்கோ போயிருந்தார்கள்.

"எங்க சம்பளத்தை ரெண்டு மடங்காக்கறீங்களா?" என்றார் பூட்டு.

தலையாட்டினார்கள்.

"உங்க வீட்டை இந்த அக்கா பேருக்கு எழுதித் தர்றீங்களா?"

அதற்கும் ஆட்டினார்கள்.

"தோட்டம் இருக்கான்னு கேளுங்க சார்!" என்றார் அக்கா. அறையே விழுந்து விழுந்து சிரித்தது. பூட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப எங்களை மூடிடலாமா?"

காபி. காது. தலை.

கூட்டத்தில் பேசியதையெல்லாம் கணினியே கேட்டுக் குறிப்பெழுதும் ஏற்பாடு உண்டு. குறிப்பு உடனே திரையில் வந்து விழுந்தது. சம்பள உயர்வு: பிறகு பரிசீலிக்கப்படும். வீடு: தனிப்பட்ட விஷயம். பிரிவை மூடுதல்: பிரிவுத் தலைவரே முன்மொழிந்தார், ஏகமனதாக ஏற்கப்பட்டது, உடனே அமலாகும்.

சிரித்த வாய்கள் அப்படியே நின்றன.

"பேசாம இருந்து தொலைச்சிருக்கலாமே சார்," என்று அக்கா அடுக்கிலிருந்து கையை எடுத்தார்.

இவர் வாயால்தான் எல்லாருடைய பிழைப்பும் போயிற்று என்று அவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். பூட்டும் மறுப்பதில்லை.

அந்தப் பிரிவின் லேப்டாப், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் தலைமை அலுவலகத்து லாரி அதற்கு முந்தைய வாரமே ஏற்றிக்கொண்டு போயிருந்தது.