டல்லியின் கார்டில் இரண்டாம் பெயர்

முல்லகாங்கில் தேர்தல் வந்தால் முதல் சண்டை ஓட்டுக்காக வராது, நிழலுக்காகத்தான் வரும். தேர்தல் நாளுக்கு முந்தைய வாரம் முழுக்கப் பழைய நூலகத்தில் ஓட்டுப் போடலாம். சீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்ப வரிசையில் எண் எழுதுவதுதான் அங்கே ஓட்டு. வேட்பாளர்கள் அந்த ஐந்து நாளும் வாசலில் நின்று, எந்தப் பெயருக்கு எந்த எண் போடுவது என்று கார்டு கொடுக்க வேண்டும். அந்தத் தேசத்தில் பிப்ரவரி உச்சக் கோடை, வெயில் மண்டையைப் பிளக்கும். வாசலில் இருப்பதோ ஒரே ஒரு மரம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நோரீன் பாஸ்கோ மடக்கு நாற்காலியும் கார்டுப் பெட்டியுமாக வந்து சேர்ந்தபோது, மரத்தடியில் மெர்வ் டல்லி காலை நீட்டிக்கொண்டு தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏழு மணிக்கே வந்துட்டேன் தாயி," என்றார் மெர்வ். "ஆறாவது தடவை நிக்கிறேன். எந்த எலெக்‌ஷன்ல எங்க நிழல் விழும்னு எனக்குத்தான் தெரியும்."

"மரம் என்ன உங்க தாத்தா வெச்சதாய்யா? கொஞ்சம் நகர்ந்தா குறைஞ்சா போயிடுவே?"

"ஜெயிச்சு வந்தேன்னா ஊருக்கே நிழல் போடுவேன். அதுவரைக்கும் வெயில்ல நில்லு."

மெர்வுக்கு எழுபத்து நாலு வயது. முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு ஒரு கூரை போட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கொள்கை. ஐந்து தடவை நின்று ஐந்து தடவையும் படுதோல்வி. அதற்காக அந்த மனிதர் ஒரு நாளாவது வருத்தப்பட்டாரா என்றால், கிடையவே கிடையாது. நிற்பதே அவருக்குத் திருவிழா.

நோரீன் அப்படியில்லை. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக நிற்கிறாள், ஜெயிக்கத்தான் நிற்கிறாள். ஒன்பது கவுன்சிலர்களில் ஒருவர் பதவியை விட்டுவிட்டுக் கடலோரமாகக் குடிபோய்விட்டார். மிச்சமிருந்த எட்டுப் பேரில் நாலு பேர், நோயாளிகள் இறங்கி உடற்பயிற்சி செய்யும் வாட்டில் தெரு வெந்நீர்க் குளத்தை மூட வேண்டும் என்கிறார்கள், நாலு பேர் கூடாது என்கிறார்கள். ஒன்பதாவது கை எந்தப் பக்கம் தூக்கப்படுகிறதோ, அந்தப் பக்கம் ஜெயித்தது. மூன்றாவது வேட்பாளர் கிரஹாம் டேசி வீடு, மனை விற்கிறவர். அந்தக் குளத்தை மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்குவேன் என்று அவர் பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார்.

நோரீனின் கணவன் கெல்வினுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. தரையில் அவன் நடக்க வேண்டுமென்றால் நடைச்சட்டம் வேண்டும், ஒரு ஆள் வேண்டும், அரை மணி நேரம் வேண்டும். அந்த வெந்நீரில் இறங்கிவிட்டாலோ யார் கையும் பிடிக்காமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடப்பான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வாரத்தில் மூன்று நாள் அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் நோரீன் மற்ற நாட்களையும் தள்ளிக்கொண்டிருந்தாள். அடுத்த குளம் இருப்பது நூற்றி இருபது கிலோமீட்டர் தள்ளி.

நோரீன் பெட்டியைப் பிரித்து முதல் கார்டை எடுத்தாள். மெர்வ் அதை வாங்கிப் பார்த்தார். அடுத்த கணம் குடித்த தேநீர் மூக்கில் ஏறிவிட்டது அவருக்கு.

"என்னய்யா சிரிப்பு?"

"இதைக் கொடுத்தேன்னு வெய்யி, டேசி உனக்குச் சிலையே வைப்பான். ஓட்டுச் சீட்டைப் பார்த்தியா நீ? முதல்ல என் பேரு, அடுத்தது டேசி, கடைசியிலதான் நீ. உன் கார்டுல டேசி மேலே, நடுவுல நீ, கீழே நான். மேலேர்ந்து கீழே மூணு, ஒண்ணு, ரெண்டுன்னு போட்டிருக்கே. இதை அப்படியே சீட்டுல எழுதினா ஒண்ணாம் நம்பர் யாருக்குப் போகுது?"

நோரீன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். டேசிக்குப் போனது.

நாற்பது வருஷம் பள்ளி அலுவலகத்தில் பெயர்ப் பட்டியல் தட்டச்சு செய்தவள் அவள். டேசியின் D, பாஸ்கோவின் P, டல்லியின் T என்று பெயர்கள் ஆங்கில அகர வரிசையில்தான் வரும் என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. உருளையில் பந்துகளைப் போட்டுக் குலுக்கி ஓட்டுச் சீட்டின் பெயர் வரிசையை எடுத்த அன்றைக்குக் கெல்வினை டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள். அதற்கு முன்பே கார்டு அச்சாகிவிட்டது. நாலாயிரம் கார்டு.

"பேரைப் பார்த்துத்தானே நம்பர் போடுவாங்க?" என்றாள் நோரீன்.

"நீ எந்த ஊர்ல இருக்கே? ஓட்டுப் போடாட்டி அபராதம் வருமேன்னு பயந்து வர்ற ஜனம் தாயி இது. கார்டுல இருக்கிற நம்பரை வரிசையா எழுதிட்டு மீன் பிடிக்கக் கிளம்பிடும்."

நோரீன் உள்ளே ஓடினாள். தேர்தல் அதிகாரி நல்ல பெண், பொறுமையாகத்தான் கேட்டாள். ஆனால் வாசலில் கொடுக்கிற எந்தக் காகிதமும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது என்றாள். புதிதாக அச்சடித்தாலும் கொடுக்க முடியாது. கையால் திருத்தினாலும் முடியாது.

வெளியே வந்து வெயிலில் நின்றாள் நோரீன். அடுப்பங்கரையில் தனியாக நின்றிருந்தால் ஓவென்று அழுதிருப்பாள். இங்கே எதிரில் நீலப் பந்தல் போட்டு, நீலச் சட்டை போட்ட நாலு பையன்களோடு டேசி புன்னகைத்துக்கொண்டிருந்தார். அழக்கூட வழியில்லாமல் போயிற்று.

மெர்வ் முனகிக்கொண்டே எழுந்து தன் நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினார். "வந்து உட்காரு."

"வேணாம். நகர மாட்டேன்னு சொன்னியே."

"வான்னா வரணும். இந்தா, என் கார்டைப் பாரு. வரிசை சரியா இருக்கு. நான் ஒண்ணு, டேசி மூணு, நீ ரெண்டு."

"என்னை எதுக்குய்யா ரெண்டாவதா போட்டே?"

"உன் மேல பாசத்துலயா? அந்த டேசிப்பய பத்திரிகையில என்னை 'நம்ம ஊர்ச் செல்லத் தாத்தா'ன்னு சொல்லிட்டான். செல்லமாம்! அதுக்குத்தான் அவனுக்கு மூணு." மெர்வ் தொண்டையைச் செருமினார். "என் கார்டையே கொடு. வாங்கறவங்ககிட்ட ஒண்ணையும் ரெண்டையும் மாத்திப் போடச் சொல்லு. வாய்ப்பேச்சுக்கு எந்த ஆபீஸ்லயும் பதிவு கிடையாது."

இப்படியாக நோரீன் பாஸ்கோ தன் எதிராளியின் கார்டைக் கொடுத்து ஓட்டுக் கேட்க ஆரம்பித்தாள். "இதை எடுத்துக்கோங்க, ஆனா ஒண்ணு எனக்கு, ரெண்டு அவருக்கு, மாத்திப் போடுங்க." காலையிலிருந்து மாலை வரை இதே பாட்டு. புதன்கிழமைக்குள் தொண்டை கட்டிவிட்டது. மெர்வ் பையிலிருந்து புதினா மிட்டாய் எடுத்து எடுத்துக் கொடுத்தார். டேசியின் பையன்கள்கூடப் பரிதாபப்பட்டுக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள்.

அன்று மத்தியானம் ஐலீன் ஹாப்டே வந்தாள். நோரீனோடு குளத்தில் உடற்பயிற்சி செய்கிறவள், குளத்துக்காக வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவள். ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து நோரீனைக் கட்டிக்கொண்டாள்.

"கவலையே படாதே கண்ணு. கார்டுல இருக்கிறபடியே அச்சு அசலாப் போட்டுட்டேன்."

நோரீன் அவள் தோளைப் பிடித்து விலக்கினாள். "கார்டுல இருக்கிறபடியேவா? மாத்திப் போடச் சொன்னேனே ஐலீன்!"

"மாத்தணுமா? எதை?" ஐலீன் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடக் கடவுளே! நீ கையில கொடுத்தே, அதனால உன் கார்டுன்னு நினைச்சேன்."

மெர்வ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

"சிரிக்காதேய்யா! உனக்கென்ன, ஓசியில ஓட்டு வருது. சரி, கேக்கறேன், ஒருவேளை நீ ஜெயிச்சா குளத்துக்கு என்ன செய்வே?"

"குளமா? நான் குளிக்கிறது வீட்டுல. கூரையைக் கேளு, சொல்றேன்."

சொல்லிவிட்டு அடுத்து வந்தவரிடம் கார்டை நீட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை தேர்தல். ஆரம்பப் பள்ளி வாசலில் பெற்றோர் சங்கத்தார் சாசேஜும் வெங்காயமும் வதக்கிய வாசனைக்கே பாதி ஊர் வந்து சேர்ந்தது. நோரீன் கத்திக் கத்திக் குரலே போய், கடைசியில் சைகையில் மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். மாலையில் எண்ணிய வரைக்கும் டேசி முன்னால் இருந்தார். மற்ற இருவரும் கிட்டத்தட்டச் சமம். தபால் ஓட்டு வரும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

பதினோரு நாள் கழித்து, புதன்கிழமை காலை, நகர மண்டபத்தில் முடிவு அறிவிக்கிறார்கள் என்று தகவல் வந்தது. நோரீன் விடியற்காலையிலேயே எழுந்து ஒரு பேச்சு எழுதி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கெல்வினுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக் காரில் ஏற்றிக் கூட்டி வந்தாள். மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள்.

அதிகாரி மேடையேறி வாசித்தாள். டேசி, இரண்டாயிரத்து நூற்று நாலு. டல்லி, ஆயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு. பாஸ்கோ, ஆயிரத்து முந்நூற்று எழுபத்தொன்று. யாருக்கும் பாதிக்கு மேல் வராததால், கடைசியாக வந்த பாஸ்கோ விலக்கப்படுகிறார்.

பதினேழு ஓட்டு!  ஐலீன் மாதிரி எத்தனை பேர் அச்சு அசலாகப் போட்டிருப்பார்கள்! இந்தக் கிழவன் தேநீர் குடித்துக்கொண்டே என் ஓட்டைத் தின்றுவிட்டானே என்று நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெல்வின் அவள் கையைத் தேடிப் பிடித்தான். அவனை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

அதிகாரி நிறுத்தவில்லை. பாஸ்கோவின் சீட்டுகளில் இரண்டாம் எண் யாருக்கோ, அவருக்கு அந்த ஓட்டு போகும். அந்த ஒரு வாரம் "ரெண்டு அவருக்கு" என்று தொண்டை கிழியச் சொன்னவள் யார்? டேசிக்கு நூற்று நாற்பத்தொன்று போயிற்று. டல்லிக்குத் தொள்ளாயிரத்து இரண்டு. மிச்சச் சீட்டுகளில் இரண்டாம் எண்ணே எழுதியிருக்கவில்லை.

"நாற்பத்தைந்து ஓட்டு வித்தியாசத்தில் மெர்வின் டல்லி வெற்றி பெற்றதாக அறிவிக்கிறேன்."

 கூரை பறக்கிற மாதிரி எல்லோரும் கை தட்டினார்கள். மெர்வ் மட்டும் வெளுத்துப்போய் நோரீனின் முழங்கையைப் பற்றிக்கொண்டார்.

"தாயி, எனக்கு வேணாம். நான் நிக்க வந்தவன், ஜெயிக்க வந்தவன் இல்ல. கூட்டத்துல எல்லாம் உட்காரணுமாமே!"

"ஆறு தடவை நின்னியே, இது தெரியாதா உனக்கு?"

அதற்குள் டேசி வந்துவிட்டார். தோற்ற ஐந்தாவது நிமிஷத்திலேயே சிரிக்கத் தெரிந்த மனிதர் அவர். மெர்வின் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வாழ்த்துகள் மெர்வ். உங்க பஸ் ஸ்டாப் கூரை இருக்கே, நம்ம ஆளுங்க நாலு பேர் கவுன்சில்ல இருக்காங்க. ஒரே மாசத்துல போட்டுக் கொடுத்துடுவாங்க. குளத்து விஷயத்துல நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போனா போதும்."

நோரீனுக்கு இது நன்றாகக் கேட்டது. முப்பது வருஷமாக அந்த நிறுத்தத்தில் மழையில் நனைந்த நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்த மனிதர் மெர்வ். ஐந்து தோல்வியும் அந்தக் கூரைக்காகத்தான். இப்போது அது தட்டில் வைத்து நீட்டப்படுகிறது.  குளத்தைக் காப்பாற்று என்று அவள் என்ன உரிமையில் கேட்பது?

மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். புதிய கவுன்சிலர் இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

"பேச்சு எழுதலையே," என்றார் மெர்வ். "தோக்கறவனுக்கு எதுக்குப் பேச்சு? உங்கிட்ட இருக்கா?"

நோரீன் யோசிக்காமல் கைப்பையைத் திறந்து காகிதத்தைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேடையேறினார். ஒலிபெருக்கி முன் நின்றதும் நிறுத்தங்களை அறிவித்தே பழகிய அந்தப் பழைய ஓட்டுநர் குரல் தானாக வந்துவிட்டது. எழுதியிருந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் வாசித்தார்.

"எல்லோருக்கும் வணக்கம். நான் நோரீன் பாஸ்கோ."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மெர்வ் கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"முதலில் என் கணவருக்கு நன்றி. நாற்பத்தோரு வருஷமாக என்னைச் சகித்துக்கொண்டு இருக்கிறார்." மறுபடியும் சிரிப்பு. "அவரால் தரையில் தனியாக நடக்க முடியாது. தண்ணீரில் நடப்பார். அப்படி நடக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்." இங்கே சிரிப்பு நின்றுவிட்டது. மெர்வ் கூட்டத்தில் கெல்வினைத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். "முதல் கூட்டத்திலேயே வாட்டில் தெருக் குளத்தை மூடுவதற்கு எதிராக என் கையைத் தூக்குவேன். யார் என்ன கொடுத்தாலும் அந்தக் கையை இறக்க மாட்டேன்."

டேசி காலணியைக் குனிந்து பார்த்தார். மெர்வ் காகிதத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்க் கடைசி வரியைப் படித்தார்.

"கெல்வின், நாளைக் காலை பத்து மணிக்கு நாம் குளத்துக்குப் போகிறோம்."

பக்கவாதத்துக்குப் பிறகு கெல்வினுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். நூறு பேரும் காத்திருந்தார்கள்.

"சரி... வர்றேன் மெர்வ்," என்றான் கெல்வின். "நீச்சல் டவுசர்... இருக்கா உங்கிட்ட?"

நோரீன் சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மூக்கைச் சிந்தினாள். மேடையில் நின்ற கவுன்சிலர் மெர்வின் டல்லி ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, தனக்கு நீச்சலே தெரியாது என்பதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.