பெயருக்கு விட்ட இடம்

1978 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, மதுரை சிம்மக்கல்லில் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த சொக்கநாதனின் நீள நோட்டு, இன்னும் யாரும் குத்தி எடுக்காத ரத்தத்துக்கு முடிவு எழுத ஆரம்பித்தது. விரலில் ஊசி குத்தி, குழாயில் நிறம் பார்த்து, ரத்தம் இத்தனை கிராம் என்று பதினெட்டு வருடமாக அவர் பச்சை மையில் எழுதிவந்த நோட்டு. இப்போது அவர் எழுதிய வரிக்குக் கீழே, அதே ஆளுக்கு இன்ன மாதம் எத்தனை கிராம் இருக்கும் என்பது தானாக வந்தது. ஒரு வருடம் பொறுத்துச் சரிபார்த்தார். இருநூற்றுப் பதினோரு பேரில் ஒருவருக்கும் பிசகவில்லை. அதற்குப் பிறகு காலையில் நோட்டுக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தினார், அவ்வளவுதான். அந்த வாரம் சிம்மக்கல்லில் வாழைத்தார் விலை ஏறியதைத்தான் ஜனங்கள் பெரிதாகப் பேசினார்கள்.

சேதி பரவி, காளவாசலுக்கு மேற்கேயுள்ள ஊர்களிலிருந்து சம்சாரிகள் பஸ் ஏறி வந்தார்கள். ரத்தம் குறையப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் யாராவது கீரை வாங்குவார்கள் என்றுதானே நினைப்போம்? இவர்கள் அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி வாங்கிப்போய், ஜாதகத்தோடு சேர்த்து மஞ்சள் தடவிச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்கள்.

1980 ஐப்பசியில் சீனியம்மாள் தன் மருமகள் ஜெயக்கொடியைக் கூட்டிவந்தாள். நாலு மாதக் கர்ப்பம், ஒன்பது கிராம். நோட்டு கீழே எழுதியது: பங்குனி, நாலு. பிரசவ மாதத்தில் நாலு என்றால் தாய் பிழைப்பது கஷ்டம், ஈரலும் முருங்கைக்கீரையும் சத்து மாத்திரையும் கொடுங்கள் என்றார் சொக்கநாதன். சீனியம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நாலுன்னு எழுதிருச்சுல்ல. பெறகு எதுக்கு ஈரல வீணாக்கணும்?"

அந்த வீட்டில் முதலில் ஆண்கள் சாப்பிடுவார்கள், அடுத்து சீனியம்மாள், கடைசியில் மருமகள் சட்டியை வழித்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை ஈரல் மகன் வெள்ளைத்துரைக்கு. பிள்ளைத்தாய்ச்சி நிறையத் தின்றால் வயிற்றுப்பிள்ளை பெருத்துவிடும் என்று வேறு சீனியம்மாள் சொல்லிவந்தாள். இம்புட்டு அக்கறையான மாமியார் யாருக்கு வாய்ப்பாள்!

மார்கழியில் ஜெயக்கொடி தனியாக வந்தாள். உதடு வெளுத்திருந்தது. மூன்று படி ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றாள்.

"அண்ணே, அந்த நாலை அழிச்சுட்டுப் பத்துன்னு போட்டுருங்கண்ணே. பொழைக்கிறவன்னு தெரிஞ்சா சோறு போடுவாக."

சொக்கநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் எழுதினதுன்னா திருத்திருவேம்மா. இது நான் எழுதலையே" என்றார். வாழ்நாளில் ஒரு முடிவைக்கூட அடித்துத் திருத்தியதில்லை என்ற பெருமை அவருக்கு. அந்தப் பெருமையில் மண் விழ. அவள் காலி வயிற்றோடு பஸ் ஏறிப் போனாள்.

தை பிறந்ததும் சீனியம்மாள் சொந்தத்தில் உள்ள குமரிகளை வரிசையாகக் கூட்டிவந்து குத்திப் பார்த்து, பதின்மூன்று கிராம் இருந்த சோலையம்மாளை மனதில் குறித்துக்கொண்டாள். பங்குனியில் ஜெயக்கொடிக்கு நாலுதான் இருந்தது. பெற்ற அன்றே போய்ச் சேர்ந்தாள். பெண் பிள்ளை, அது மூன்று நாள் இருந்தது. ஆவணியில் வெள்ளைத்துரைக்கும் சோலையம்மாளுக்கும் கல்யாணம். மறு வருடம் ஐப்பசியில் பிள்ளைத்தாய்ச்சி சோலையம்மாளுக்கு ஒன்பது, கீழே பங்குனி, நாலு. நோட்டு இந்தத் தடவையும் பிசகவில்லை.

1983 ஆனியில், யாருக்கும் ஊசி குத்தாத ஒரு காலையில், நோட்டில் புதிதாக ஒரு வரி இருந்தது. சீனியம்மாள் வீடு, மருமகள், நாலு. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. சொக்கநாதன் ஆளனுப்பிச் சீனியம்மாளை வரவழைத்துப் படித்துக் காட்டினார். "வர்றவ யாரா இருந்தாலும் நாலுதாம்மா. குறை அந்தப் பொண்ணுங்ககிட்ட இல்ல, உங்க வீட்டுச் சட்டியில இருக்கு" என்று வாய்விட்டே சொன்னார். மூன்று வருடம் முந்திச் சொல்லியிருக்க வேண்டியது.

சீனியம்மாள் காலியாக இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"பேருதான? ஆவணிக்குள்ள வந்துரும் தம்பி."

முகூர்த்தத்தன்று காலையில் அந்த இடத்தில் பச்சை மையில் ஒரு பெண்ணின் பெயர் நிரம்பியிருந்தது. சொக்கநாதன் வழக்கம்போல ஊதுபத்தி கொளுத்தினார். மறு வாரம் சீனியம்மாள் தன் வருடாந்தரச் சோதனைக்கு வந்து விரலை நீட்டினாள். அவளுக்குப் பதினாலு கிராம். கீழே, அடுத்த வருடத்துக்கும் பதினாலு.